அனேகமாகப் பகா எண்

ஜனவரி 9

அன்புள்ள சுருட்டைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முன்னறைக் கூரைதான் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். உன் முழங்கால் எப்படி? காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே ஊரார் தலையை வெட்டுகிறவள், கடையில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடு என்று போன வருடமே சொன்னேன். நீ எங்கே கேட்கப்போகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் வெளியூர் போயிருக்கிறார். அங்கே ஒரு கல்லூரியில் ஆறு மாதம் கணக்கு நடத்தக் கூப்பிட்டார்களாம். இங்கே வேலை பார்க்கிற கல்லூரியில் லீவு போட்டுவிட்டு, டிசம்பர் கடைசியில் ஒரு பெட்டியோடு கிளம்பினார். போய்ச் சேர்ந்ததும் விலாசம் எழுதுகிறேன் என்றார். இன்றுவரை இல்லை. போனையும் எடுப்பதில்லை. உனக்கு ஏதாவது எழுதினாரா?

பின்னறையில் அவருடைய கம்ப்யூட்டர் மட்டும் இரவும் பகலும் ஓடுகிறது. ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நாலாயிரத்து இருநூறு இலக்கத்துக்கு மேல் நீளமான எண். அது பகா எண் என்று நிரூபிக்க வேண்டுமாம். கிளம்பும்போது வாசலில் நின்று, "இதை மட்டும் அணைச்சிடாத. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை திரையில எத்தனை இலக்கம் நிக்குதுன்னு குறிச்சு வை"ன்னார். செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

எனக்கு அந்த அறை வேண்டும், சுருட்டை. எங்கள் பல் செட் கூடத்து முதலாளி ஜூன் மாதத்தோடு கடையை மூடுகிறார். பல்லைச் சுடுகிற உலையையும் தேய்க்கிற மெஷினையும் நீயே எடுத்துக்கொள், பல் டாக்டர்களிடம் நானே சொல்லி வேலையை உன் பக்கம் திருப்பி விடுகிறேன் என்கிறார். இடம் இருந்தால்தான். ஜூலை முதல் தேதிக்குள் இடம் இல்லையென்றால் அத்தனையும் வேறொருவருக்குப் போகும். பதினாறு வருடம் இன்னொருவர் மேஜையில் உட்கார்ந்து பல் செய்தாயிற்று. இதை உன் அண்ணனிடம் சொல்லித்தான் முடிவுசெய்யவேண்டும் என்று இருக்கிறேன். ஆளைக் காணோம்.

உனக்குப் போன் செய்யலாம். செய்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் கடையில் பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
அண்ணி

ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது, ஆனால் ஸ்டூல் வாங்கிவிட்டேன். அதில் இப்போது வாடிக்கையாளர்களின் குழந்தைகள் உட்காருகிறார்கள். கூரைக்கு ஆள் வந்தாரா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். அண்ணன் எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருமுறை பேசினார். நன்றாக இருக்கிறாராம். மெஷினை அணைக்கவேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.

பகா எண் என்றால் என்ன அண்ணி? பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையை நான் மூன்று தடவை எழுதியது உங்களுக்குத் தெரியும். எனக்கு இந்த வருடம் முப்பத்தாறு முடிகிறது. அது பகா எண்ணா? ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவேன்.

உலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் நான்கு வருடம் தங்கித்தான் நான் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். எனக்குக் கடை வைக்க வழிசெய்துவிட்டு நீங்கள் இன்னும் அந்த முதலாளிக்கு வேலை செய்துகொண்டிருப்பது எனக்கு வருத்தம்.

என்றும் அன்புடன்,
சுருட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள சுருட்டைக்கு,

நலமாக இருக்கிறேன். கூரைக்கு ஆள் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். வாளியைப் பெரிதாக்கியிருக்கிறேன். உன் கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு முடிவெட்டும் கடை வருகிறது என்று போன வருடம் சொன்னாயே, வந்துவிட்டதா?

முப்பத்தாறு பகா எண் இல்லை. ஆறு ஆறாகப் பிரியும், நாலு ஒன்பதாகப் பிரியும், இன்னும் பல விதமாகவும் பிரியும். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் பகா எண். ஏழு, பதினொன்று போல. அடுத்த வருடம் உனக்கு முப்பத்தேழு. அது பகா எண். அதுவரை பொறுத்துக்கொள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா? அவர் மேஜையில் விட்டுப்போன தாள்களைப் புரட்டினேன். பதினொரு வருடம் பக்கத்து அறையில் நடந்த கூத்து, டிக்கெட் இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது.

நாலாயிரம் இலக்க எண்ணை ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது என்று கிளம்பினால் உலகம் முடிந்துவிடும். அதனால் மெஷின் வேறொரு தந்திரம் செய்கிறது. அந்தப் பெரிய எண்ணிலிருந்து கணக்குப் போட்டுச் சற்றுச் சின்னதாக ஓர் எண்ணைப் பிடிக்கிறது. 'இந்தச் சின்னது பகா எண் என்றால் அந்தப் பெரியதும் பகா எண்தான்' என்று எழுதி வைத்துக்கொள்கிறது. சரி, சின்னது பகா எண்தானா? அதற்கு அதைவிடச் சின்னதாக ஒன்று. இப்படியே படிப்படியாக இறங்கி, கையால் வகுத்துப் பார்க்கக்கூடிய குட்டி எண் வரை வரவேண்டும். இந்த ஞாயிறு மூவாயிரத்து எழுநூறு இலக்கத்தில் நிற்கிறது.

அந்தப் பெரிய எண்ணுக்கு இப்போது என்ன பட்டம் தெரியுமா? 'அனேகமாகப் பகா எண்.' வைத்த சோதனையில் எல்லாம் தேறிவிட்டது, நடை உடை எல்லாம் பகா எண் மாதிரியே. சந்தேகப்படுகிறவர் யாரும் இல்லை. ஆனாலும் நிரூபணம் வருகிற வரை பட்டியலில் சேர்க்கமாட்டார்களாம். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது.

இரண்டு செய்தி. ஒன்று, மெஷினில் காற்றாடி கடகடவென்று சத்தம் போடுகிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு, அவர் போவதாகச் சொன்ன கல்லூரிக்கு எழுதிப்போட்டேன். அப்படி யாரும் இங்கே வரவில்லை, யாரையும் நாங்கள் அழைக்கவும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார், சுருட்டை?

இப்படிக்கு,
அண்ணி

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே. பக்கத்துக் கடை வந்துவிட்டது, கண்ணாடியெல்லாம் பெரிது பெரிதாக இருக்கிறது, வெட்டத்தான் தெரியவில்லை.

காற்றாடியை அப்படியே விடக்கூடாது. சூடானால் கணக்கு தப்பும். முதலில் மெஷின் தானாகச் சேமிக்கும் நேரம் வரை பொறுங்கள், திரையின் கீழே நட்சத்திரக் குறி வரும். வந்ததும் அணையுங்கள். இடது பக்க மூடியில் பின்புறம் இரண்டு திருகு, அவற்றை மட்டும் கழற்றினால் போதும். தூசியைக் காய்ந்த பிரஷால் தட்டுங்கள், துணி வேண்டாம். காற்றாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். திரும்பப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும், பயப்படவேண்டாம். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் முடி வெட்டிக்கொள்ள வந்தார், அவரைக் கேட்டு எழுதுகிறேன்.

சீக்கிரம் முடிக்கிறேன், மேலே அடுப்பில் சாப்பாடு இருக்கிறது. இப்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாக வைக்கவேண்டியிருக்கிறது.

என்றும் அன்புடன்,
சுருட்டை

மார்ச் 3

அன்புள்ள சுருட்டைக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறேன். கூடத்தில் உலையைத் திறக்கும்போது கை நழுவிவிட்டது. நல்ல சூட்டுக் காயம். டாக்டரம்மா ஒரு மாதம் வேலைக்குப் போகாதே என்றார். வலி இப்போது பரவாயில்லை. முதல் நாள் மட்டும் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். வலிக்காக மட்டும் என்று சொல்லமாட்டேன். உன் முழங்காலை நீ பார்த்துக்கொள்கிறாயா?

காற்றாடி இப்போது பூனை மாதிரி ஓடுகிறது. உன் கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு நன்றி சொல். நட்சத்திரக் குறி திரையில் எந்தப் பக்கம் வரும் என்பது வரைக்கும் தெரிந்துவைத்திருக்கிறார். கெட்டிக்காரர்தான்.

மெஷின் இரண்டாயிரத்து எண்ணூற்றில் நிற்கிறது.

நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். மறுபடி கேட்கிறேன்: அவர் எங்கே? எப்போது வருகிறார்? வருவாரா? முதலாளி வாரம் ஒருமுறை "இடம் ஆச்சாம்மா?" என்று கேட்கிறார். அறையைக் காலிசெய்ய எனக்கு அரை நாள் போதும், ஆனால் அவரைக் கேட்காமல் அவர் மெஷினைத் தொட மனம் வரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டாம் என்று சொன்னாலும் சரிதான்.

இப்படிக்கு,
அண்ணி

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கை ஆறிவிட்டதா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது, இத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன். இதோடு ஒரு களிம்பு அனுப்புகிறேன், சூடு பட்ட தழும்புக்கு நல்லது, கடையில் நான் பயன்படுத்துவது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் சமைத்துப் போட்டிருப்பேன். கடிதத்தைப் படித்த அன்று கடையை மூடிவிட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அழுதது உங்களுக்காகத்தான்.

எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அண்ணன் பேசினார். வருவார். இப்போது நடுவில் கிளம்ப முடியாதாம். மெஷின் அடிப் படிக்கு வந்து சேர்ந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார். அதுவரை வாராவாரம் இலக்கத்தை எழுதுங்கள்.

உங்களுக்கு என் மேல் கோபமா அண்ணி?

என்றும் அன்புடன்,
சுருட்டை

மே 2

அன்புள்ள சுருட்டைக்கு,

கோபம் இல்லை. களிம்பு வந்தது, நன்றி. நல்ல வாசனை, கூடத்தில் எல்லோரும் என்ன தைலம் என்று கேட்கிறார்கள். நானும் நலம், கூரையும் நலம், ஒருவழியாக ஆள் வந்து ஏறிச் சரிசெய்துவிட்டார். உன் புதிய எதிரிக் கடை எப்படி ஓடுகிறது?

வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஒரு பெரியவருக்கு மேல் வரிசை முழுக்கச் செய்துகொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "இது யாரு பல்லு, இவ்வளவு நல்லா இருக்கு?"ன்னு என்னையே கேட்டார்.

மெஷின் வேகமாக இறங்குகிறது. எண் சின்னதாக ஆக ஆக வேலை சுலபம்போல. இந்த ஞாயிறு தொள்ளாயிரத்துப் பத்து இலக்கத்தில் நிற்கிறது. சும்மா ஒரு சுவாரசியத்துக்காக எழுதுகிறேன், இப்போது நிற்கிற எண்ணின் கடைசி இலக்கம் 4.

இப்படிக்கு,
அண்ணி

மே 5

அண்ணிக்கு,

கடைசி இலக்கம் 4 என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்கவே நடக்காது. இரட்டைப்படை இலக்கத்தில் முடிகிற எண் இரண்டால் வகுபட்டுவிடும். சங்கிலியில் வருகிற ஒவ்வோர் எண்ணும் பகா எண்ணாக இருந்தாகவேண்டும், ஒரே ஒரு கண்ணி பழுதானாலும் அதற்குக் கீழே செய்தது முழுவதும் வீண். உடனே மெஷினை நிறுத்துங்கள். திரையில் மறுபடி பாருங்கள், கடைசி வரி மடங்கி விழுந்திருக்கலாம், அப்படியென்றால் ஒரு வரி கீழே இறக்கிப் பார்க்கவேண்டும். உண்மையிலேயே 4தான் என்றால் மெமரி கெட்டிருக்கிறது. 'பழைய படிகள்' என்ற பெட்டியில் போன மாதத்துக் கோப்பு இருக்கும், அதிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். இரண்டு மெமரிச் சில்லில் வலது பக்கத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அடிப் படிக்கு வந்தாலும் வேலை முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இறங்கும்போது எழுதிவைத்தது 'என்றால்' மட்டும்தான். மறுபடி அடியிலிருந்து மேல் வரை ஒவ்வொரு படியாக ஏறி, அதை மெய்ப்பித்துக்கொண்டே வரவேண்டும். அதற்கு ஒன்றரை மாதம் ஆகும். அது முடிந்தபிறகுதான் நிரூபணம்.

மறு தபாலில் பதில் எழுதவும்.

சுருட்டை

மே 9

அன்புள்ள சுருட்டைக்கு,

நான் நலம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் என் உடம்பை விசாரிக்காமல் நீ எழுதிய ஒரே கடிதம் இது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பதறவேண்டாம், பதறவேண்டாம் என்று பக்கத்தில் இருப்பவரிடமும் சொல். கடைசி இலக்கம் 7. மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. 4 என்று நான்தான் கை கூசாமல் எழுதினேன்.

முப்பத்தாறு பகா எண்ணா என்று என்னைக் கேட்டவள் நீ. முப்பத்தாறைப் பார்த்து அசராதவளுக்கு 4ஐப் பார்த்து எப்படித் தூக்கிவாரிப்போட்டது? 'மெமரிச் சில்லில் வலது பக்கம்' என்று எழுதத் தெரிந்தவள் உன் கடையில் யாரும் இல்லை. காற்றாடி பற்றிக் கேட்டால் நாலாவது நாள் பதில் வருகிறது, எண் தப்பு என்றால் மூன்றாவது நாளே வருகிறது. அவர் எங்கே என்று கேட்டால் மாதம் திரும்பிவிடுகிறது. அடுப்பில் சாப்பாடு கொஞ்சம் அதிகமாக வைக்கிறாய். பிப்ரவரியிலேயே எனக்குச் சந்தேகம். உன் அண்ணன் உன் வீட்டு மாடியில் இருக்கிறார் என்பது மூன்று மாதமாக 'அனேகமாக' என்ற பட்டத்தோடு இருந்தது. இப்போது பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக எழுத ஆரம்பித்தேன். இந்த இடத்துக்கு வரும்போது சந்தோஷம் இல்லை. ஏமாந்துபோனதாக இருக்கிறது. அவரால் மட்டும் அல்ல.

அடிப் படிக்கு வந்ததும் வருவார் என்றாய். இப்போது மேலே ஏறியதும் என்கிறாய். ஏறி முடிந்தபின் இறங்கவேண்டும் என்று சொல்வீர்கள், எனக்குத் தெரியும்.

மெஷினை நான் நிறுத்தப்போவதில்லை. தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூசி மெழுகாமல் சொல். ஜனவரியிலிருந்து நான் எழுதியதையெல்லாம் நீ அவரிடம் காட்டியிருப்பாய். கூரை ஒழுகுகிறது என்று எழுதினேன். உலை வேண்டும் என்று எழுதினேன். கை வெந்தது என்று எழுதினேன். மெஷினைத் தவிர்த்து, என்னைப் பற்றி அவர் உன்னிடம் ஏதாவது கேட்டாரா? ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் போதும், அறையை அவருக்கே விட்டுவிட்டு வேறு இடம் தேடிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அண்ணி

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? கையைச் சொல்லுங்கள், தழும்பு மங்குகிறதா? கால் எனக்குப் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் நான் காட்டவில்லை. என் மேஜை டிராயரில் ஐந்து வாரமாக வைத்திருக்கிறேன். மற்ற எல்லாக் கடிதங்களையும் காட்டினேன்.

அவன் வந்தது டிசம்பர் கடைசியில். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்"ன்னான். வாரம் முடிந்தது. "வீட்டுல மூச்சு முட்டுது. திரும்பிப் போனா அவகிட்ட சொல்லணும். நம்பர் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"ன்னான். என்ன சொல்லணும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். அவன் வாயால் கேட்டுவிட்டால் அப்புறம் அது உண்மை. மெஷின் ஓடுகிற வரைக்கும் அவன் உங்களை விட்டு வந்துவிட்டான் என்று ஆகாது, அப்படி ஒரு கணக்குப் போட்டேன். நான் போட்ட கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது?

அவனுக்காகத்தான் மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். அவன் எங்கே போனாலும் எனக்கு அண்ணன்தான், அது போகாது. அவன் உங்களை விட்டால் நீங்கள் எனக்கு யார்? அந்த நான்கு வருடம் எனக்குத் தலை வாரிவிட்டது நீங்கள். முதல் தடவை ஒரு பெண்ணின் காதைக் கத்தரியால் கீறிவிட்டு ஓடிவந்தபோது என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்ததும் நீங்கள். அதெல்லாம் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துத்தான் தாமதமாகப் பதில் எழுதினேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கேட்டான் என்று எழுதிவிடலாம் என்று இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். உங்களுக்குக் காது குத்த முடியாது.

கடிதம் வந்தால் அவன் கையில் கொடுப்பேன். எண் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடுவான், மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். கை வெந்த கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன், முழுவதும் கேட்கட்டும் என்று. கேட்டான். ஏதோ கேட்கப்போகிறான் என்று நானும் காத்திருந்தேன். அப்புறம் கேட்டான்: "அவ கையில கட்டுன்னா, இனிமே ஞாயித்துக்கிழமை நம்பரை யாரு பாத்து எழுதுறது?"

நான் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துவிட்டேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

இல்லை அண்ணி. கேட்கவில்லை.

சுருட்டை

ஜூன் 29

அன்புள்ள சுருட்டைக்கு,

நான் நலம். தழும்பு மங்கிவிட்டது, கழுவும்போது மட்டும் இழுக்கிறது.

உன் கடிதத்தைக் கூடத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு கீழ் வரிசைப் பல்லைத் தேய்த்து முடித்தேன், அது சரியாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுதேன். அதன்பிறகு தூங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் தப்பாக நினைக்கமாட்டாயே.

மெஷின் ஏறி முடித்துவிட்டது. 'நிரூபிக்கப்பட்டது' என்று திரையில் ஒரு வரி. இத்தனை மாத ஆர்ப்பாட்டத்துக்கு ஒரே வரி. தாளில் இருந்த முறைப்படி, பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு நிரூபணத்தை அனுப்பிவிட்டேன். நிரூபித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதினேன். எண்ணைப் பிடித்தவர் அவர், வழி போட்டவர் அவர். அதில் பொய் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முப்பதாம் தேதிக்குள் வந்து மெஷினை எடுத்துப்போகச் சொல்லி உன் விலாசத்துக்கே அவருக்கும் இரண்டு வரி எழுதினேன்.

நேற்று வந்தார். இளைத்திருக்கிறார். வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போனார். நிரூபணத்தைச் செய்வதற்குத்தான் அரை வருடம் ஆகுமாம், செய்ததைச் சரிபார்க்கக் கொஞ்ச நேரம் போதுமாம். மெஷினிடம் கொடுத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய் வைத்தேன். சரி என்று வந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சுருட்டை. ஓர் எண்ணைப் பற்றி இனி யாரும் எந்தக் காலத்திலும் மாற்றிச் சொல்ல முடியாது என்பது பெரிய விஷயம்தான். அவரைக் கல்யாணம் செய்துகொண்டதே இதற்காகத்தான், இப்படி ஒன்றில் மூழ்கிவிடுகிற ஆளைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான்.

டீயைக் குடித்துவிட்டு, "தப்பு என் மேலதான்"ன்னார். நானும் உட்கார்ந்தேன். ஏதோ சொல்லப்போகிறார் என்று அந்த ஒரு நிமிடம் நம்பியது உண்மை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இன்னொரு நம்பர் வெச்சிருக்கேன். இதைவிடப் பெருசு. ஒரு வருஷம் ஆகும். மெஷின் இங்கயே இருக்கட்டும், எடுத்துட்டுப் போனா வழியில ஆடிடும். நீ வாரத்துக்கு ஒருதடவை பாத்தா போதும்"ன்னார்.

"நீங்க?"ன்னேன்.

"நான் எங்க இருந்தா என்ன? அது பாட்டுக்கு ஓடும்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அந்தத் தாளை என் பக்கம் நீட்டிக்கொண்டு, நான் வாங்கிக்கொள்வேன் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம். எனக்கு ரூம் வேணும். நீங்களும் வேண்டாம்"ன்னேன். மறுபடி ஒருமுறை சொன்னேன், காதில் விழட்டும் என்று.

அவர் சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முகம் அப்படியே லேசாகிவிட்டது. வயர்களைச் சுற்றி, மெஷினைப் போர்வையில் கட்டி, நானே வாடகை வண்டி வரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனேன். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கல்லூரி விடுதியில் ஓர் அறை கேட்டிருக்கிறாராம். உன் மாடிக்கு அனுப்பவில்லை, கவலைப்படாதே.

அறையைப் பெருக்கிவிட்டேன். மெஷின் இருந்த இடத்தில் சுவர் கறுத்திருக்கிறது. நாளை உலை வருகிறது, நாலு பேர் தூக்கவேண்டும் என்கிறார்கள்.

நீ பொய் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அது வேறொரு பொய். ஆனால் கேட்டான் என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவரை நம்புவதற்காக உன்னை நம்பியிருப்பேன். உன் இல்லை என்ற ஒரு சொல்லால்தான் நேற்று என்னால் அவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

கடையை இரண்டு நாள் மூடிவிட்டு வா. மேஜை எந்தப் பக்கம் போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை, உனக்குக் கடை வைத்த அனுபவம் இருக்கிறது. அவரும் நானும் எப்படிப் பிரிந்தாலும் உனக்கு இங்கே படுக்கையும் தலையணையும் இருக்கும். என்ன என்று போட்டுக் கையெழுத்துப் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இப்படிக்கு,
அக்கா